விமானத்துக்குப் பின்னால் அக்கா வீடு

என் படங்கள் சாய்ந்திருக்கின்றன என்று முதலில் சொன்னவரை நான் பார்த்ததே இல்லை. எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது. அவர் முகம் இருக்க வேண்டிய சின்னக் கட்டத்தில் ஒரு பழைய சரக்கு விமானத்தின் மூக்குதான் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். படம் நேர்மட்டமாக இல்லை, கொஞ்சம் திருப்புங்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேகாத வெயிலில் மொட்டைமாடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை காய்ந்து எடுத்த படம். அதில் விமானத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கிடையாது, கோணலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. உலகம் முழுக்க இருக்கும் விமானப் பைத்தியங்கள் தாங்கள் எடுத்த படங்களை அனுப்பி வைக்கும் இணையதளம் ஒன்று இருந்தது. அனுப்பியதையெல்லாம் போட்டுவிட மாட்டார்கள். மருமகள் வைத்த குழம்பை மாமியார் ருசி பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்கள். லென்ஸில் தூசி, வால் நுனி வெட்டுப்பட்டது, வெயில் அலையில் உருவம் கலங்கியது என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அதிலும் பெரிய குற்றம் மட்டமாக இல்லாததுதான். அந்த அவமானத்தைத் தவிர்க்க, அனுப்புவதற்கு முன்னால் மற்றப் பைத்தியங்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பதற்கென்று தனிப் பக்கம் ஒன்று வைத்திருந்தார்கள். நான் அங்கேதான் போய் விழுந்தேன்.

எனக்கு அப்போது கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். பிறந்து வளர்ந்தது சாந்த்ராகாச்சி யார்டு ஓரத்துக் குவார்ட்டர்ஸில். அப்பா அந்த யார்டில்தான் வேலை பார்த்தார். ரிட்டயர் ஆனதும் அம்மாவும் அவரும் திருநெல்வேலிக்கே போய்விட்டார்கள். கல்கத்தாவில் எனக்கென்று இருந்தது அக்கா மட்டும். ரயில் எங்களுக்குச் சோறு போட்டது, அதனால் அதை வேடிக்கை பார்க்கத் தோன்றியதே இல்லை. அக்காவும் அத்தானும் விமான நிலையம் இருக்கும் டம்டம் பக்கம் ஃபிளாட் வாங்கிப் போன பிறகுதான், தலைக்கு மேல் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும் விமானத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பித்து. கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னால் முகத்தைத் தூக்குகிறவள், விமானம் பார்க்க மட்டும் இரண்டு பஸ் மாறி வருகிறாள் என்று அத்தான் கேலி செய்வார். அவர் பாங்க் ஆபீஸர். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

அந்த ஃபிளாட் இருக்கும் இடம் தொண்ணூறுகளில் குளமாக இருந்தது. நானே பார்த்திருக்கிறேன். துர்கா பூஜோ சமயத்தில் அந்தச் சந்தில் பந்தல் பார்க்கப் போனால், பின்னால் ஆகாயத்தாமரை மூடிய பெரிய புக்குர் கிடக்கும். பிறகு ஒவ்வொரு வருடமும் அது சிறுத்துக்கொண்டே வந்தது. லாரி லாரியாக இடித்த வீட்டுச் செங்கல், சாம்பல், குப்பை எல்லாம் கொட்டினார்கள். ஒரு வருடம் போனபோது குளமே இல்லை, புல் முளைத்த மைதானம். அடுத்த முறை அதன்மேல் ஐந்து மாடி நின்றது. அதைக் கட்டிய புரமோட்டர் அத்தானுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "மாட்டி ஏக்தம் பாக்கா, தாதா," என்றார். மண் கல்லு மாதிரி என்று அர்த்தம். தவளைச் சத்தம் மட்டும் அந்தச் சந்தை விட்டுப் போகவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கி நேர் கிழக்கே வழிந்தது. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏட்டி, பாத்தியா, கிழக்க வழிஞ்சிருக்கு. ஒரு கொறையும் வராது," என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வாழ்க்கையில் முதல் முறையாக ரயில்வேக்குச் சொந்தமில்லாத சுவருக்குள் நாங்கள் சாப்பிட்டோம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல சகுனத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

படம் எடுக்க எனக்கு வாய்த்த இடம் இரண்டு சந்து தள்ளி ஒரு பள்ளிக்கூட டீச்சரின் மொட்டைமாடி. அவரைப் பௌதி என்று கூப்பிடுவேன். நம் ஊரில் மதினி என்பது போல. முந்தானை நுனியில் சாவிக்கொத்தை முடிந்து தோளுக்குப் பின்னால் போட்டிருப்பார். விமானத்தைப் படம் எடுப்பதை யாராவது போலீசில் சொல்லிவிடப் போகிறார்கள் என்று அவருக்கு உள்ளூரப் பயம். எனக்கும்தான். இருந்தாலும் துணி காயப்போடுகிற சாக்கில் என்னை மேலே விட்டுவிடுவார். அங்கே நின்றால் அக்கா வீடு இருக்கும் ஐந்து மாடி நேரே தெரியும். அதற்குப் பின்னால் விமானம் தாழ இறங்கும். வலது ஓரத்தில் தூரத்தில் ஒரு மொபைல் டவர். அக்கா பால்கனியில் காயும் அரக்குப் புடவையோடு சேர்த்து விமானத்தைப் பிடிப்பதில் எனக்கு ஒரு திருப்தி. விமானம் ஊர் உலகத்துக்கு, புடவை எனக்கு.

சரக்கு விமானக்காரர் குறை சொன்ன பிறகு, மட்டம் பார்ப்பது எப்படி என்று அந்தப் பக்கத்திலேயே கேட்டேன். விமானத்தை நம்பாதே, அது ஏறும், இறங்கும், ஒருக்களிக்கும் என்றார்கள். படத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஏதாவது கட்டடத்தின் ஓரத்தை எடுத்துக்கொள், அது நேராக வரும்வரை படத்தைத் திருப்பு என்றார்கள். என் படத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது அக்கா வீடு. இதைவிட நம்பிக்கையான கட்டடம் எனக்கு உலகத்தில் ஏது? அதன் ஓரத்தை வைத்தே ஒவ்வொரு படத்தையும் நேராக்கினேன். அந்தக் குளிர்காலத்தில் ஒரு படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அத்தான் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி மாட்டி ஹாலில் தொங்கவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "பாரின்காரன் ஸ்கேல் வச்சுப் பாத்து பாஸ் பண்ணுன படம், தெரியும்லா?"

மழைக்காலம் முடிந்து, பூஜோவுக்கு முந்தின வாரம் புதிதாக ஒரு படம் எடுத்தேன். வானம் கழுவி விட்டது போல இருந்தது. வழக்கம்போல அக்கா வீட்டை வைத்து நேராக்கி, கருத்துக்குப் போட்டேன். சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் எழுதினார். மறுபடி பார்த்தேன். வீடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இல்லை, நேராகத்தான் இருக்கிறது என்று கொஞ்சம் வெடுக்கென்றே பதில் போட்டேன். இன்னொருவர் வந்து அவரும் சாய்ந்திருக்கிறது என்றார். டவரைப் பார், கம்பங்களைப் பார், எல்லாம் இடப்பக்கம் விழுகின்றன என்றார். லென்ஸ் கோளாறாக இருக்கும் என்று நான் எழுதினேன். தப்பை லென்ஸ் மேல் போடுவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான்.

மறுநாள் சரக்கு விமானக்காரர் வந்தார். நான் முன்பு காட்டிய படங்களையெல்லாம் தோண்டியெடுத்து வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு சிவப்புக் கோடு இழுத்திருந்தார். ஒன்று அக்கா வீட்டு ஓரத்தில், மற்றது டவரில். டயல்-அப் இணைப்பு. படங்கள் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கின. முதலில் வானம், பிறகு விமானம், பிறகு கோடுகள். குளிர்காலப் படத்தில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட இணையாகப் போயின. உற்றுப் பார்த்தால்தான் பிசகு தெரியும். கோடைப் படத்தில் கொஞ்சம் விலகின. மழைக்குப் பிந்திய படத்தில் விலகலைக் குழந்தைகூடக் காட்டிவிடும். கீழே எழுதியிருந்தார்: 'உங்கள் லென்ஸில் குறை இல்லை. ஒன்று அந்த டவர் விழுந்துகொண்டிருக்கிறது, அல்லது அந்தக் கட்டடம். கம்பங்கள் டவரோடு ஒத்துப்போகின்றன. அந்தக் கட்டடத்தில் யாரும் குடியில்லை என்று நம்புகிறேன்.'

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு மறுபடி படத்துக்குப் போனேன். திரையில் அக்காவின் அரக்குப் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த நாளே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு டம்டம் போனேன். சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மாடியும் சாதுவாக நின்றது. கண் பழகிவிட்டால் எதுவும் நேர்தான். படியேறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதைப் பிடித்து என்ன ஆகப் போகிறது என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டேன்.

அக்கா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டவ்வின் ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டை இருந்தது. முன்பும் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

"எக்கா, இது என்னத்துக்கு?"

"ஸ்டவ்வு கோணல் பிள்ள. எண்ணெய் ஊத்துனா எல்லாம் ஒரு பக்கமா ஓடுது. இந்தப் பக்கம் முறுகுது, அந்தப் பக்கம் வெள்ளையா நிக்கி. மொதல்ல ஒரு அட்டை போதும். இப்ப மூணு வைக்கேன்."

அட்டையை உருவினேன். அவள் திட்டத் திட்ட, காலிக் கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன். எண்ணெய் ஒரு கணம் யோசித்த மாதிரி நின்றுவிட்டு ஓடியது. கிழக்கே. பால் வழிந்த அதே பக்கம். அக்கா என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் அதுவே பேசியது. பாத்ரூம் கதவு மூட மாட்டேன் என்கிறது என்று அத்தான் ஆள் வைத்து இழைத்திருந்தார். மழையில் மரம் ஊதிவிட்டதாம். குளித்த தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் மூலையில் நின்றது. தரை போட்டவன் சோம்பேறியாம். பீரோவுக்கு அடியில் ஒரு கட்டை. ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணமும் ஒழுங்காகவே இருந்தது. எல்லாம் ஒரே திசையில் போகின்றன என்பதை மட்டும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்ததும் சிவப்புக் கோடு போட்ட படங்களின் பிரிண்டை மேஜையில் பரப்பினேன். ஐந்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கும் படத்தைக் காட்டினார்.

"இது என்னம்மா? ஒரு இம்மி கோணல்னாலும் திருப்பி அனுப்பிருவான்னு நீதான சொன்ன? பாஸ் பண்ணிட்டான்லா? அப்ப வீடு நேராத்தான இருக்கு?"

"அத்தான், வீட்ட வச்சுத்தான் நான் படத்தையே நேராக்குனேன். வீட்ட நிமுத்திட்டு மத்ததையெல்லாம் சாச்சிருக்கேன். அந்த டவரப் பாருங்க."

"டவர்க்காரன் சரியா நட்டிருக்க மாட்டான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்லா இருக்கு."

பழமொழி சொல்ல அவருக்கு நன்றாக வரும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "கூடமே கோணலா இருந்தா ஆடுதவ என்ன சொல்லணும் அத்தான்?" என்று கத்தினேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் கதவருகே வந்து நின்றாள். தமிழ் அவளுக்கு வீட்டுக்கு மட்டும்தான். பயம் வங்காளியில்தான் வரும். "மா, ஆமாதேர் பாடி கி பொடே ஜாபே?" என்றாள். நம் வீடு விழுந்துவிடுமா என்று கேட்கிறாள். அந்நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. அது போய் முடியும்வரை நால்வரும் அப்படியே நின்றோம். அக்கா மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

புரமோட்டர் வந்து பார்த்தார். சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "கிச்சு ஹொபே நா, தீதி," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் ஆகாதாம். மற்ற ஃபிளாட்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஊரெல்லாம் சொல்லி வீட்டு விலையைக் கெடுக்கிறாள் என்று அக்காவிடம் குறைப்பட்டார்களாம். கார்ப்பரேஷனில் மனு கொடுத்தேன். ஆள் வருவார் என்றார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அத்தானின் ஒரே சாட்சி அந்தச் சுவர்ப் படம்தான். இணையதளமே அது கோணல் என்று ஒப்புக்கொண்டு எடுத்துவிட்டால் அவர் வாயடைத்துப் போவார். உட்கார்ந்து விளக்கமாக எழுதினேன். நான் அனுப்பிய படம் மட்டமாக இல்லை, தவறாக ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், தயவுசெய்து நீக்குங்கள் என்று. இப்படி ஒரு கடிதம் அவர்களுக்கு அதுவரை வந்திருக்காது. அடுத்த வாரம் மரியாதையாகப் பதில் வந்தது. மீண்டும் பரிசோதித்தோம், நடுவில் உள்ள கட்டடத்தின் ஓரம் மிகச் சரியாக நிமிர்ந்திருக்கிறது, உங்கள் படத்தில் குறையில்லை, கவலை வேண்டாம் என்று.

அதை அத்தானிடம் காட்டியிருக்க வேண்டியதில்லைதான். ஆனால் எனக்கு எதையும் மறைக்க வராது. அவர் அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்து, சுவர்ப் படத்தின் கீழேயே ஒட்டினார். காகிதத்தில் வந்துவிட்டது. இனி எந்தச் சாமி வந்து சொன்னாலும் அவர் நம்பப் போவதில்லை.

அன்றைக்கு அக்கா என்னிடம் தனியாகக் கேட்டாள். "நீ நின்னு படம் எடுக்குத எடத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போ ஏட்டி."

அத்தனை வருடத்தில் அவள் அந்த மொட்டைமாடிக்கு வந்ததே இல்லை. பௌதி எங்களைப் பார்த்ததும் டீ போடுகிறேன் என்றார். அக்கா டீ வேண்டாம், நூல் வேண்டும் என்றாள். பௌதி தையல் டப்பாவிலிருந்து கறுப்பு நூல் கொண்டுவந்தார். கட்டித் தொங்கவிடக் கனமாக ஏதாவது வேண்டும் என்றதும், ஒரு கணம் தயங்கி, முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தை அவிழ்த்துத் தந்தார். குவார்ட்டர்ஸில் கொத்தனார் தூக்குக்குண்டு போட்டுச் சுவர் பார்ப்பதைச் சின்ன வயதில் நாங்கள் இருவரும் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறோம். அக்கா நூலின் மேல்நுனியைப் பிடித்து, கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். சாவிகள் ஆடி ஓயும்வரை காத்திருந்தாள்.

நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வீட்டின் இடது ஓரம். கீழே நூலும் சுவரும் ஒட்டி நின்றன. மேலே போகப் போகச் சுவர் நூலை விட்டு விலகியது. ஐந்தாம் மாடியில் இரண்டுக்கும் நடுவில் ஆகாயம் தெரிந்தது.

அக்கா ரொம்ப நேரம் கையை இறக்கவில்லை. அவள் கை வலித்திருக்கும். ஒரு விமானம் நூலைக் கடந்து போனது, அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. பிறகு சாவிக்கொத்தைப் பௌதியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"பிள்ளைய ஸ்கூல்ல இருந்து நேரா உன் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிரு. நான் துணிமணி எடுத்துட்டு வாரேன்."

"அத்தான்?"

"அவுகளுக்கும் சேத்துத்தான் எடுப்பேன். வந்தா வரட்டும்."

அத்தான் வரவில்லை. ஆளில்லாத வீடென்றால் எவனாவது பூட்டை உடைத்து உட்கார்ந்துவிடுவான் என்றார். பிறகு, பயந்தாங்கொள்ளிகளோடு பேச முடியாது, விற்றுவிட்டே வருகிறேன் என்றார். அதற்கு அக்கா விடவில்லை. அவள் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. "விக்கக் கூடாது. இன்னொருத்தி வந்து அதுல அட்டைய வச்சு தோச சுடணுமா? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்," என்றாள். விற்கவும் முடியாமல், விடவும் மனமில்லாமல், அத்தான் அங்கேயே இருந்தார். பாங்கிலிருந்து அந்த வீட்டுக்கே போனார். கார்ப்பரேஷன் ஆள் ஒருவழியாக வந்து, நோட்டீஸ் ஒன்றை வாசல் கேட்டில் ஒட்டிவிட்டுப் போனார். அடுத்த மழையில் அது ஊறிக் கிழிந்தது. ஒரு குடும்பம் காலி செய்தது, மற்றவர்கள் செய்யவில்லை.

நான் அந்த மொட்டைமாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சரக்கு விமானக்காரர் மட்டும் எப்போதாவது எழுதிக் கேட்பார், புதுப் படம் உண்டா என்று. விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அந்தக் கட்டடத்தில் யாரும் குடியில்லை என்று நம்புவதாக அவர் முன்பு எழுதியதற்கு நான் கடைசிவரை பதில் எழுதவில்லை.

தினமும் சாயங்காலம் அத்தான் போன் செய்வார். அக்கா கார்டன் ரீச்சில் என் குவார்ட்டர்ஸ் ஹாலில் நின்றுகொண்டே பேசுவாள், உட்கார மாட்டாள். சாப்பிட்டீகளா, மழையா, பிள்ளை படிக்கிறாளா, அவ்வளவுதான் பேச்சு. நடுவில் அங்கே விமானம் இறங்கும். முதலில் ஜன்னல்கள் ஆடும் சத்தம் ரிசீவரில் வரும், பிறகு அவர் குரலை அந்த இரைச்சல் மூடிவிடும். அக்கா பேச்சை நிறுத்தி, ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவள் மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்ப்பாள். இரைச்சல் தேய்ந்து, அந்தப் பக்கம் அத்தான் "ம், சொல்லு" என்று சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் மூவரும் மூச்சு விடுவோம்.